அந்தரத்தில் நின்ற இரும்பு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகமே. மாமாவின் பல்வலி மட்டும் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி கிளம்புகிற வழியாக இல்லை. உன் இருமல் நின்றதா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேபினில் உட்கார்ந்தே எழுதுகிறேன். ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏணி ஏற வேண்டும். கீழே பழைய இரும்பு மலை மலையாகக் கிடக்கிறது. கொக்கிக்குப் பதில் என் கிரேனில் ஒரு காந்தத் தட்டு தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். கரண்ட்டைக் கொடுத்தால் இரும்பு தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். தூக்கி, ரயில் வண்டிக்கு மேல் கொண்டுபோய், கரண்ட்டை நிறுத்தினால் விழும். தரையில் நின்று எனக்குக் கை காட்டுபவனுக்கு விசில் என்று பெயர். வாயில் விசில் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அவன் கை உயராமல் நான் எதையும் தூக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் இதயத்தின் கரண்ட்டை அளக்கும் அறைக்கு உன்னை மாற்றியிருக்கிறார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். "அப்ப உன் தம்பி எலக்ட்ரீஷியன்னு சொல்லு. வீட்ல ஃபியூஸ் போனா கூப்பிட்டுக்கலாம்" என்றார். அவருக்கென்ன, கேஸ் கட்டரால் இரும்பை வெட்டுகிறவருக்கு எல்லாம் விளையாட்டு.

எனக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம். என் காந்தத்துக்குக் கரண்ட் வெளியிலிருந்து கம்பி வழியாக வருகிறது. சுவிட்ச் போடுவது நான். உள்ளே துடிக்கிறதே, அதற்கு யார் சுவிட்ச் போடுகிறார்கள்? மூளையா? நேரம் கிடைக்கும்போது எழுது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தோள்வலி. எக்ஸ்ரே படாமலிருக்க நாள் முழுக்க ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். மாமாவின் பல்லை இந்த மாதமாவது பிடுங்கச் சொல்.

எங்கள் பெரிய டாக்டர் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் அனுப்புவார். அனுப்பும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று கம்பியிடமே பேசுவார். அதனால் அவர் பெயரே டாக்டர் மெதுவா. கம்பி எங்கே எந்த நேரத்தில் மின்சாரத்தைப் பார்த்தது என்பதைத் திரையில் கோடுகளாக நான் படிக்க வேண்டும்.

உன் கேள்விக்கு வருகிறேன். யாரும் சுவிட்ச் போடுவதில்லை, அக்கா. அதுதான் அதிசயம். மேலேயிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் இதயத்தின் வலது மேல் அறைக்குள் நுழையும் மூலையில், சுவரோடு சுவராக ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. பிறை வடிவம், சுண்டுவிரல் நக நீளம். சைனஸ் கணு என்று பெயர். பிறவியிலேயே வந்த பேஸ்மேக்கர். மற்ற தசைகள் யாராவது தட்டினால்தான் வேலை செய்யும். இந்தத் திட்டில் இருக்கும் செல்களுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. ஒரு துடிப்பு முடிந்த உடனே, ஒழுகும் குழாயின் கீழ் வைத்த பாத்திரம் போல, மின்சாரம் ஏறிய உப்புத் துகள்கள் உள்ளே கசிய ஆரம்பிக்கும். ஓர் அளவு வந்ததும் நிரம்பிப் பொங்கும். அந்தப் பொங்கல்தான் துடிப்பின் முதல் பொறி. மறுபடி காலி, மறுபடி கசிவு. நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போது தொடங்கிய வேலை.

பொறி மேல் அறைகளில் பரவும். கீழ் அறைகளுக்குப் போகும் வாசலில் இன்னொரு கணு அதைச் சற்றே தாமதப்படுத்தி அனுப்பும். "இந்தத் தாமதம் இல்லன்னு வச்சுக்கோ, மேல் வீட்டுக்காரன் தண்ணி ஊத்தறதுக்குள்ள கீழ் வீட்டுக்காரன் கதவைச் சாத்திடுவான்" என்பார் டாக்டர் மெதுவா.

மூளை தொடங்கி வைப்பதில்லை. கடிவாளம் மட்டும் அதன் கையில். ஒரு நரம்பு இழுத்துப் பிடிக்கும், இன்னொன்று தட்டி விடும். கடிவாளமே இல்லாவிட்டால் கணு இன்னும் வேகமாகத்தான் ஓடும்.

முதல் நாள் அந்தக் கோட்டைத் திரையில் பார்த்தபோது கவசத்தின் கனம் மறந்துவிட்டது. படித்ததுதான். ஆனாலும் பார்ப்பது வேறு.

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமா பல்லைப் பிடுங்கிவிட்டார். வீரத்தழும்பு மாதிரி எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்டுகிறார். உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தைக் கேன்டீனில் உரக்கப் படித்தேன். இரண்டாம் கிரேன் ஓட்டுகிறவனை எக்ஸ்பிரஸ் என்போம். அவன் லோடைச் சுழற்றினால் காகம்கூட ஒதுங்கிப் பறக்கும். இழுத்துப் பிடிக்கும் நரம்பு என்று நான் படித்ததும், "அக்கா, எனக்கு அது பொறக்கும்போதே அறுந்துபோச்சு போல" என்றான். விசில் மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நம்மளைக் கேட்காமலேயே ஓடுதா? பாவம், அதுக்கு ஒரு நாள் லீவுகூடக் கிடையாதே" என்றான்.

இன்னொரு சேதி. நான் சொன்னால் தற்பெருமை, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? யார்டில் ஒரு வேலைமுறைக்கு என் பெயரை வைத்துவிட்டார்கள். 'அக்கா நிறுத்தம்'. கொஞ்ச நாளாகவே சில லோடுகள் என் கையில் நடு வழியில், அந்தரத்தில், அசையாமல் நிற்கின்றன. ஆட்டம் அடங்கிய பிறகு மறுபடி நகர்ந்து போய், வண்டியில் சத்தமில்லாமல் உட்காருகின்றன. சூப்பர்வைசர் மற்ற ஓட்டுநர்களைக் கூட்டி வந்து காட்டினார். "பாருங்கய்யா, அவசரமே இல்ல. இரும்புக்கு மூச்சு விட டைம் குடுக்கறாங்க" என்றார். எக்ஸ்பிரஸ்கூட இப்போது நிறுத்தப் பழகுகிறான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தும்மலை அடக்குகிறவன் மாதிரி.

நான் யோசித்துச் செய்வதில்லை. கையே செய்துவிடுகிறது. இத்தனை வருஷப் பழக்கம்.

இங்கே வெயில் கடுமை. ஏணியில் ஓரிரு முறை கண் இருட்டியது. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுகிறது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் உடம்பைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

பெயர் வைத்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. இரும்பு அந்தரத்தில் நிற்கும்போது உனக்கு என்ன தெரிகிறது? நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்துகிறாயா, நின்ற பிறகுதான் நின்றது தெரிகிறதா? உன் கிரேனில் கையை எடுத்தால் லீவர் தானாக நடுவுக்குத் திரும்பி எல்லாம் நின்றுவிடும் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். அதனால் கேட்கிறேன்.

சைனஸ் கணு எப்போதாவது பொறி கொடுக்க மறந்தால் என்ன ஆகும் என்று நான் போன கடிதத்தில் எழுதவில்லை. அதற்குக் கீழே துணைக்கு ஆள் இருக்கிறது. வாசலில் தாமதப்படுத்தும் கணுவுக்கும் சொந்தமாகத் துடிக்கத் தெரியும், ஆனால் மெதுவாக. அதுவும் விட்டால் அதற்கும் கீழே இன்னும் மெதுவான ஒன்று. வேகமானவன் முன்னால் ஓடும்வரை மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. அவன் நின்றால், கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அடுத்தவன் எடுத்துக்கொள்வான். அந்தக் காத்திருப்பு நீண்டால் மூளைக்கு ரத்தம் போகாது. கண் இருட்டும்.

பக்கத்து மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்க மார்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஈ.சி.ஜி. கருவி தருவார்கள். வலிக்காது. அதை மாட்டிக்கொண்டு வேலைக்கே போகலாம். எனக்காகச் செய்.

உன் தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மாமா தன் முதுகுக்கும் சேர்த்து அடித்துக்கொண்டார். கழுவிவிட எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் போயிற்று.

துணைக்கு ஆள் இருப்பதாக நீ எழுதியது எனக்குப் புதிதே இல்லை. என் காந்தத்துக்கும் உண்டு. கரண்ட் போனால் தட்டில் ஒட்டிய இரும்பு அத்தனையும் கீழே கொட்டிவிடுமே! அதற்காக ஒரு பேட்டரி. வெளி மின்சாரம் நின்ற அதே நொடியில் அது பிடித்துக்கொள்ளும். லோடைப் பத்திரமாக இறக்க அவகாசம் கொடுக்கும். எங்கள் மேஸ்திரி வாரம் தவறாமல் அதைச் சோதிக்கிறார். யார்டே தூசியாக இருந்தாலும் பேட்டரிப் பெட்டி மட்டும் பளபளவென்று இருக்கும்.

மழை ஒருநாள் பெய்தது. எக்ஸ்பிரஸுக்குப் பெண் குழந்தை. எடுத்த எடுப்பிலேயே குறித்த தேதிக்கு முன்னால் வந்துவிட்டதாம், அப்பனைப் போல.

நீ கேட்டாயே, அந்தரத்தில் நிற்கும்போது என்ன தெரிகிறது என்று. வானம் தெரியும். வேறென்ன?

ஒன்று கேட்க வேண்டும். எனக்கில்லை, யார்டில் ஒருவருக்காக. டாக்டர்கள் வைக்கும் பேஸ்மேக்கரை உடம்பில் வைத்துக்கொண்டால் காந்தக் கிரேன் ஓட்டலாமா? எங்கள் ஏணியின் அடியில் கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. பழைய பலகை. இப்போது புது மாதிரியெல்லாம் வந்திருக்குமே என்று அவர் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள்.

யார்டில் இருக்கும் அந்த ஒருவரிடம் சொல். பலகை சரியாகத்தான் சொல்கிறது. புது மாதிரிகள் நிறைய தாங்கும். ஆனால் அந்த அளவுக் காந்தத்தோடு தினமும் பிழைப்பு நடத்த எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார். பலமான காந்தம் பக்கத்தில் வந்தால் அந்தக் கருவி உள்ளே நடப்பதைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்துவிடும்.

இனி உனக்கு. நீ வானம் தெரியும் என்று எழுதினாய். கேபினில் உட்கார்ந்து லோடைப் பார்க்கிறவளுக்கு வானம் எப்படித் தெரியும்? தலை பின்னால் சாய்ந்தால்தான் தெரியும்.

நான் தினமும் இப்படிப்பட்ட கோடுகளைப் பார்க்கிறேன். ஒழுங்காகத் துடித்துக்கொண்டே வந்து, திடீரென்று வெறும் நேர்கோடு. பிறகு எதுவும் நடக்காதது போல மறுபடி துடிப்பு. படுத்திருப்பவரைக் கேட்டால் "ஒண்ணுமில்லையே" என்பார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

உன் கை திறமையான கை. அதை யார் இல்லை என்றார்கள்? சத்தமில்லாமல் இரும்பை இறக்குவது நீதான். ஆனால் அந்தரத்தில் நிறுத்துவது நீயில்லை என்று பயப்படுகிறேன். இதுவரை கை தளர்ந்து லீவரை விட்டது, கிரேன் நின்றது. ஒருநாள் கை விடாமல் உடம்போடு லீவரின் மேலேயே சரிந்தால்? அப்போது எதுவும் நிற்காது. கீழே விசில் நிற்கிறான். அந்தப் பக்கம் இரும்பு வெட்டும் கொட்டகையில் மாமா நிற்கிறார்.

கிரேனை விட்டு இறங்குவது உனக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் போக நீ பட்டபாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். "பொம்பளை கையில கிரேனா" என்று கேட்டவர்கள் எல்லாம் இன்று உன்னைப் பார்த்துப் பழகுகிறார்கள். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். இறங்கிவிடு. இங்கே வா. டாக்டர் மெதுவாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நெருப்புப் பிடிக்கிற கை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து உன் அக்கா சரியாகப் பேசவில்லை. என்னவென்று கேட்டால் தலைவலி. ஆனால் லீவும் போடவில்லை. இன்று காலை நடந்ததை அவளே எழுதுவாள் என்று காத்திருந்தால் நீ பாவம், தூங்க மாட்டாய். அதனால் நான் எழுதுகிறேன்.

நான் கொட்டகையில் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பழைய பாய்லரைத் தூக்கி நகர்த்தினாள். பாதி வழியில் நின்றது. வழக்கமான நிறுத்தம் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது வண்டிப் பக்கம் போகவில்லை. வந்த வழியே திரும்பி, காலி இடத்தில், தரையில் மெதுவாக உட்கார்ந்தது. காந்தத்தை அணைத்தாள். கேபின் கதவைத் திறந்து, "விசில், மேல வா. எனக்குக் கீழ்ப்படியில நீ இறங்கு. நான் விழுந்தா பிடிச்சுக்கோ" என்று கத்தினாள். அவன் பதறிப்போய் ஏறினான்.

இறங்கியதும் நேராக எக்ஸ்பிரஸிடம் போனாள். அவன் என்னமோ பாராட்டப் போகிறாள் என்று சிரித்துக்கொண்டு நின்றான். "டேய், நீ இத்தனை நாள் காப்பியடிச்சது என் வித்தையை இல்லடா. என் வியாதியை" என்றாள். சூப்பர்வைசருக்குப் புரியவே கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

விசில் அழுதுவிட்டான். "நான் கை காட்டிக்கிட்டே இருந்தேனே அக்கா. எனக்குத் தெரியலையே" என்றான். "எனக்கே தெரியலடா. தெரிஞ்ச பிறகும் ரெண்டு வாரம் ஏறினேன். அதுக்கு என்னைத் திட்டு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. என்னிடம் சொல்லாமல் மறைத்தாளே என்று. ஆனால் அந்த பாய்லரை அவள் தரையில் வைத்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தூசி எழவில்லை.

திங்கட்கிழமை கிளம்பி வருகிறோம். அவளுக்கு ஜன்னல் ஓரம் வேண்டுமாம்.

இப்படிக்கு,
மாமா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் ஊர் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. தையல் போட்ட இடம் காய்ந்துவிட்டதா? இடது கையைத் தோளுக்கு மேல் தூக்காதே. மாமா தலை சீவிவிடட்டும். அவருக்கும் ஒரு தொழில் கூடும்.

நீ இங்கே இருந்தபோது சொல்ல வரவில்லை. நேரில் நமக்குச் சண்டைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

நீ மேசையில் படுத்திருந்தபோது திரைக்கு முன்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வேறு ஆளை உட்காரச் சொல்லவா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். நிறையப் பேருடைய கோட்டைப் பார்த்தவன்தான். உன்னுடையது வந்ததும் எனக்குப் படிக்கவே தெரியவில்லை. பிறகு நிதானம் வந்தது. உன் கணு பொறி கொடுத்தது, வாசலில் தாமதம், கீழே துடிப்பு. ஒன்றன்பின் ஒன்றாக, அவ்வளவு அழகாக. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே அடித்துக்கொண்டிருக்கிறது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீ ஓடியபோதும் அதுதான். பிறகு திரையில் அந்த நேர்கோடு வந்தது. "வரும், வரும். மெதுவா" என்றார் டாக்டர், உன் இதயத்திடம். வந்தது.

தோள்பட்டைக்குக் கீழே வைத்திருக்கும் சின்னப் பெட்டியை, அந்தப் பேஸ்மேக்கரைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் மேல் உனக்குக் கோபம் என்று தெரியும். ஆனாலும் கேள். அது உன் கணுவை விரட்டிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒவ்வொரு துடிப்பையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கணு நேரத்துக்கு வந்துவிட்டால் அது வாயைத் திறக்காது. வரவில்லை என்றால் மட்டும் ஒரு தட்டு. எங்கள் ஆட்கள் எத்தனையோ வருஷம் முயன்று செய்த கருவி, இயற்கையின் திட்டு வேலை செய்யும்போது ஒதுங்கி நிற்கத்தான் முதலில் கற்றுக்கொண்டது.

உன் தம்பி


ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

தையல் காய்ந்துவிட்டது. கண் இருட்டல் இல்லை. மாமா சீவிவிட்ட தலையோடு வெளியே போக வெட்கமாக இருந்ததால், சீக்கிரமே குணமாகிவிட்டேன்.

கோபம்தான். மறைப்பானேன்? என் கிரேனை எக்ஸ்பிரஸிடம் கொடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன், தூரத்தில் நின்று. அவன் இன்னும் லோடை அந்தரத்தில் நிறுத்துகிறான். "டேய், அதான் வியாதின்னு சொன்னேனே" என்றேன். "தெரியும்கா. ஆனா நிறுத்தினா ஆட்டம் நிஜமாவே அடங்குது" என்றான். சூப்பர்வைசர் எல்லா ஓட்டுநர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எடை மேடையில் உட்காரச் சொன்னார்கள். லாரி வரும், எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றேன். யார்டின் மறு கோடியில் ஒரு கவ்விக் கிரேன் இருக்கிறது. காந்தம் கிடையாது. இரும்பு விரல்கள் எண்ணெய் அழுத்தத்தில் மூடித் திறக்கும். அதை ஓட்ட ஆள் இல்லை. அதைக் கேட்டேன். "டாக்டர் எழுதிக் கொடுத்தா பார்க்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அவர் குரலில் பார்க்கலாம் என்பதற்குக் கிடைக்காது என்று அர்த்தம்.

உன் டாக்டர் எழுதித் தருவாரா?

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். டாக்டர் மெதுவா முதல்முறையாக வேகமாகப் பேசினார். கவ்விக் கிரேனின் படம், அதன் மோட்டார், காந்தக் கிரேனிலிருந்து அது நிற்கும் தூரம் எல்லாம் கேட்டார். மாமா அளந்து அனுப்பியிருந்ததைக் காட்டினேன். அவர் உன்னிடம் சொல்லவில்லையா? சொல்ல மாட்டார். அடுத்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் டாக்டர்.

பரிசோதனைக்கு இங்கே வர வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து மருத்துவமனையிலேயே பெட்டியின் பதிவைப் படிப்பார்கள். போய்விட்டு எழுது. எனக்கும் படபடப்பாக இருக்கிறது.

உன் தம்பி


செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மாமாவும் நன்றாக இருக்கிறோம். உன் தோள் எப்படி?

பதிவைப் படித்த டாக்டரம்மா, பெட்டி பெரும்பாலும் சும்மாதான் இருந்திருக்கிறது என்றார். எப்போதாவது ஒரு தட்டு, அதுவும் தூக்கத்தில். மற்றதெல்லாம் என் பழைய திட்டின் வேலையே. கையெழுத்தும் வந்தது. சூப்பர்வைசர் அதை இரண்டு முறை படித்தார்.

நேற்று கவ்விக் கிரேனில் ஏறினேன். யார்டில் எல்லோருக்கும் திடீரென்று அந்தக் கோடியில் ஏதோ வேலை வந்துவிட்டது. எக்ஸ்பிரஸ் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். மாமா ஒரு துண்டு இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, தேடுவது போல நடித்தார். விசில் என்னோடு இந்தப் பக்கம் மாறிவிட்டான். கேட்டதற்கு, "அங்க சத்தம் ஜாஸ்திக்கா" என்றான்.

நசுங்கிய ஒரு காரின் கூடு. விசில் கை உயர்த்தினான். விரல்களை மூடினேன், தூக்கினேன். காந்தம் மாதிரி இல்லை, தம்பி. இரும்பு நழுவப் பார்க்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தது. அப்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது பார், காதுக்குள் கேட்டது. உள்ளங்கை ஈரம். ஒரு நொடி, பெட்டிதான் அடிக்கிறதோ என்று நினைத்தேன். பிறகு நீ எழுதியது நினைவுக்கு வந்தது. தூங்கும்போது வேண்டுமானால் அது தட்டும். இந்த ஓட்டம் அதனுடையது இல்லை. கடிவாளத்தை யாரோ தளர்த்த, என் திட்டு தானாகவே எடுத்த ஓட்டம். பயந்தது நான்தான், முழுக்க நான்தான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

கூட்டை இறக்கியபோது டமார் என்று சத்தம். கன்றுக்குட்டிகூட அதைவிட அழகாக உட்காரும். குழந்தை வீறிட்டு அழுதது.

"என்னக்கா, கை நடுங்குதா?" என்று கீழேயிருந்து கேட்டான் விசில்.

"நடுங்குதுடா. நல்லா நடுங்குது. தள்ளி நில்லு, அடுத்ததைத் தூக்கறேன்" என்றேன்.

அன்புடன்,
அக்கா